ஜஸ்டிஸ் ஹோம்ஸ்: நிலமும் நஷ்டஈடும்

நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டால் அதற்குரிய கிரயத்தைக் கொடுக்க வேண்டும் என்பதை எக்கட்சியாரும் இன்று மறுப்பதில்லை. தொகை போதாது என்றோ, காலத்தில் வந்து சேரவில்லை என்றோ வியாஜ்யங்கள் எழலாம். எடுத்தவர் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற மூல தர்மத்தைப் பற்றி விவாதம் இல்லை. ஆனால் நிலத்தை எடுத்துக்கொள்ளாமலேயே அதன் பலனை மட்டும் எடுத்துவிடுகிற வழிகள் பல உண்டு. பட்டா சொந்தக்காரன் பெயரில் இருந்துவரும். வரியையும் அவனே செலுத்திவருவான். நகர அபிவிருத்திப் படத்தில் மட்டும் அவனுடைய மனையின்மீது ஒரு வர்ணம் பூசப்பட்டிருக்கும். அவ்விடத்தில் பூங்கா வரப்போகிறது, அல்லது பாட்டை அகலமாகப் போகிறது. ஆகையால் அவன் அங்கே வீடு கட்டலாகாது. விற்கப் போனால் வாங்குவாரில்லை. பூங்காவும் வருவதில்லை, பணமும் வருவதில்லை. இப்படிப்பட்டவனுக்கு நஷ்டஈடு கேட்கும் பாத்தியதை உண்டா? இல்லையென்றால், எந்த நியாயத்தைக் கொண்டு இல்லையென்பது? உண்டென்றால், விதிக்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பொக்கிஷத்தைத் திறக்க வேண்டிய சர்க்கார் எப்படி நடைபெறும்?

இக்கேள்விக்கு 1922-ஆம் வருஷத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஸுப்ரீம் கோர்ட்டிலிருந்து விடை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவர் எழுதியது சில பக்கங்களே. அவற்றின் கருத்தைப் பற்றி அந்நாட்டு வக்கீல்களும் நீதிபதிகளும் நூறு வருஷங்களாக வாதாடியும் ஓயவில்லை. நமது அரசியல் சட்டத்தை வகுத்தவர்களும், பின்னர் அதைத் திருத்தியவர்களும் இதே கேள்வியில் இடறி நின்றார்கள். பேச்சுச் சுதந்திரத்துக்காகவும் தொழிலாளர் சட்டங்களுக்காகவும் ஹோம்ஸின் பெயரை எடுத்துச் சொல்லுகிறவர்கள் நம்மவரில் பலர் உண்டு. நிலத்தைப் பற்றிய அவருடைய தீர்ப்பை அறிந்தவர் சிலரே. ஆதலின் அவருடைய சரித்திரத்தை அந்த வழியாகவே இங்கு சொல்லப் புகுகிறோம்.

ஹோம்ஸ் 1841-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். தந்தையார் பெயரும் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்தான். அவர் வைத்தியர், கவியென்றும் கட்டுரையாசிரியரென்றும் அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றவர். பிரசவித்த பெண்களைக் கொன்றுவந்த ஜுரம் வைத்தியர்கள் மூலமாகவே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுகிறதென்று 1843-இல் துணிந்து எழுதி, சக வைத்தியர்களின் விரோதத்தைச் சம்பாதித்துக் கொண்டவரும் அவரே. தாயார், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து உயர்ந்த நீதிஸ்தலத்தில் ஜட்ஜாக இருந்த ஒருவருடைய குமாரத்தி. அடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்பதில் உறுதியான பற்றுடையவர். அப்பற்று மகனுக்கும் வந்தது. ஹார்வர்டு கலாசாலையில் மாணவராயிருக்கையிலேயே, அடிமை ஒழிப்புக் கட்சியாரின் பொதுக்கூட்டத்தைக் கலகக்காரர்கள் கலைத்துவிடாதபடி காவல் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. இருபது வயது நிரம்பிய ஹோம்ஸ் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து 20-ஆவது பட்டாளத்தில் சேர்ந்தார். அவ்வருஷம் அக்டோபரில் பால்ஸ் பிளஃப் என்னுமிடத்தில் மார்பில் குண்டு பாய்ந்தது. மறு வருஷம் செப்டம்பரில் ஆண்டீடம் போர்க்களத்தில் கழுத்தில் ஒரு குண்டு. அச்சமயம் மகனைத் தேடிக்கொண்டு தந்தையார் ஊர் ஊராக அலைந்ததைப் பின்னர் ஒரு கட்டுரையாகவே எழுதினார். 1863 மே மாதத்தில் ஃபிரெடரிக்ஸ்பர்க்குக்கு அருகில் குதிகாலில் மூன்றாவது காயம். மூன்று முறையும் பிழைத்து எழுந்து, 1864-இல் யுத்த சேவையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினார். அவருடைய தோழர்களில் பலர் திரும்பவில்லை.

யுத்தம் அவருக்குக் கற்பித்த பாடம் விசித்திரமானது. தாங்கள் கொண்ட கொள்கையே முழு உண்மையென்று நிச்சயமாக நம்பிய இரண்டு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் கொன்று குவித்ததை அவர் கண்ணாரக் கண்டார். அன்று முதல், எதையும் முற்ற முடிந்த உண்மையென்று சாதிப்பவர்களிடம் அவருக்குச் சந்தேகமே மிஞ்சியது. சொத்து புனிதமானது, அதைத் தொடலாகாது என்பவரையும் அவர் முழுதாக நம்பவில்லை. பொது நன்மையென்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எதையும் செய்யலாமென்பவரையும் நம்பவில்லை. எல்லாம் எவ்வளவு, எது வரை என்பதைப் பொறுத்தது என்பதே அவருடைய மனப்போக்கு. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தீர்ப்பு விளங்கும்.

யுத்தத்துக்குப் பின் ஹார்வர்டில் சட்டம் படித்து 1867-இல் வக்கீலானார். 1872-இல் ஃபானி டிக்ஸ்வெல் என்னும் மாதரசியை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பகலில் வக்கீல் தொழில், இரவில் பழைய சட்டப் புத்தகங்கள் என்று பதினைந்து வருஷ காலம் உழைத்து, நாற்பது வயது நிரம்புவதற்குச் சற்று முன், 1881-இல், ஆங்கில நாட்டுப் பொதுச் சட்டத்தைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். சட்டம் தர்க்கத்தினால் வளர்ந்ததன்று, மக்களுடைய அநுபவத்தினாலும் காலத்தின் தேவைகளினாலும் வளர்ந்ததென்பது அந்நூலின் சாரம். அதன் பயனாக ஹார்வர்டில் ஆசிரியர் பதவியும், 1882 முடிவதற்குள் மாஸசூஸெட்ஸ் உயர்ந்த நீதிஸ்தலத்தில் ஜட்ஜ் பதவியும் கிடைத்தன. அங்கே இருபது வருஷம் இருந்தார். 1899-இல் பிரதம நீதிபதியானார்.

அந்த இருபது வருஷத்தில் அவர் தீர்த்த சிறு வழக்கொன்று நமது விஷயத்துக்கு மிக முக்கியமானது. அண்டை வீட்டுக்காரனுக்குக் காற்றும் வெளிச்சமும் வராமல் செய்ய வேண்டுமென்ற ஒரே நோக்கத்துடன் உயரமான வேலி எழுப்பும் வழக்கம் அம்மாகாணத்தில் இருந்தது. வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் கண்ட நம் நாட்டாருக்கு இது ஆச்சரியமாயிராது. இப்படிப்பட்ட வீம்பு வேலி ஆறடிக்கு மேல் அவசியமின்றி உயர்ந்தால் அது குற்றமென்று சட்டசபை ஒரு சட்டம் செய்தது. தன் நிலத்தில் தான் வேலி கட்டுவதைத் தடுக்கச் சட்டசபைக்கு அதிகாரம் ஏது, தடுத்தால் நஷ்டஈடு எங்கே என்று ஒருவர் வழக்காடினார். 1889-இல் ஹோம்ஸ் அச்சட்டம் செல்லுமென்று தீர்ப்புச் சொன்னார். வெளிப்படையான ஒரு தீமையைத் தடுப்பதற்காகச் சொத்தின் சிறு பாத்தியதை ஒன்றைப் பணம் கொடாமலே குறைக்கலாம். பெரிய பாத்தியதைகளைக் குறைப்பதாயிருந்தால் நிலத்தை முறைப்படி ஆர்ஜிதம் செய்து கிரயம் கொடுக்கத்தான் வேண்டும். சிறிது எது, பெரிது எது என்பது அளவைப் பற்றிய விஷயமே என்று அவர் கருதினார். பின்னால் உலகப் பிரசித்தி பெற்ற கொள்கையின் விதை இந்த ஆறடி வேலியில் இருந்தது.

அதே பாஸ்டன் நகரத்தில் அக்காலத்தில் கட்டடங்களின் உயரத்தைப் பற்றியும் ஒரு கிளர்ச்சி நடந்தது. காப்லி சதுக்கத்தைச் சுற்றி எழும் கட்டடங்கள் 90 அடிக்கு மேல் போகலாகாதென்று 1898-இல் ஒரு சட்டம் வந்தது. சதுக்கத்தின் அழகையும் வெளிச்சத்தையும் பொது ஜனங்கள் அநுபவிப்பதற்காக அந்தச் சொந்தக்காரர்களின் உரிமை குறைக்கப்பட்டதால், அவர்களுக்கு நஷ்டஈடு தர அச்சட்டமே ஏற்பாடு செய்தது. சில வருஷங்களுக்குப் பின் நகரம் முழுவதற்கும் கட்டட உயரத்தை வரையறுத்து வேறு சட்டம் வந்தது; அதில் நஷ்டஈடு கிடையாது. தீ விபத்து முதலியவற்றிலிருந்து ஊரைக் காப்பது அதன் நோக்கமென்று கூறப்பட்டது. வாஷிங்டனிலுள்ள ஸுப்ரீம் கோர்ட் 1909-இல் அதையும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது. ஹோம்ஸ் அப்போது அங்கே ஜட்ஜாக இருந்தார். எல்லார்மீதும் ஒரு சுமை விழுந்து எல்லாரும் அதனால் பயனும் பெறுவது ஒன்று; ஊராருடைய இன்பத்துக்காகச் சிலரை மட்டும் பிடித்துச் சுமக்கச் செய்வது வேறொன்று. இந்த வேற்றுமையை அம்மாகாணத்துச் சட்டசபை அன்றே அறிந்திருந்தது பாராட்டத்தக்கது.

ஹோம்ஸை ஸுப்ரீம் கோர்ட்டுக்கு நியமித்தவர் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், வருஷம் 1902. தமது கட்சிக்கு அநுகூலமாயிருப்பாரென்று எண்ணி நியமித்த ஜனாதிபதி, 1904-இல் பெரிய ரெயில்வே முதலாளிகளின் கூட்டு வழக்கில் ஹோம்ஸ் சர்க்காருக்கு எதிராக அபிப்பிராயம் எழுதியதும் கடுங்கோபம் கொண்டார். ஹோம்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. மறு வருஷமே முதலாளிகள் கோபிக்கும்படியான அபிப்பிராயத்தை எழுதினார். ரொட்டிக் கிடங்குகளில் தொழிலாளரை நாளொன்றுக்கு 10 மணிக்கு மேலும், வாரத்துக்கு 60 மணிக்கு மேலும் வேலை வாங்கலாகாதென்று நியூயார்க் மாகாணம் செய்த சட்டத்தை ஐந்து ஜட்ஜுகள் ரத்துச் செய்தார்கள், நால்வர் மறுத்தனர். நால்வரில் ஹோம்ஸ் எழுதிய சில வரிகளே இன்றளவும் நிற்கின்றன. ஜட்ஜுகள் தங்களுக்குப் பிடித்த பொருளாதாரக் கொள்கையை அரசியல் சட்டத்துக்குள் புகுத்தலாகாது; ஜனப் பிரதிநிதிகள் அறிவீனமாகவே சட்டம் செய்தாலும் அதைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் கருத்து. இதனால் அவர் தொழிலாளர் கட்சிக்காரரென்று எண்ணிவிடலாகாது. செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் வறுமை தீருமென்ற பேச்சில் அவருக்குச் சிறிதும் நம்பிக்கை கிடையாது. தமக்குப் பிடிக்காத சட்டத்தையும் செல்லுமென்று சொல்லும் மனக்கட்டுப்பாடு அவரிடம் இருந்தது. அவ்வளவே.

நிலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அந்தக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1908-இல் ஒரு நீர் வழக்கில் ஹோம்ஸ் தம் கருத்தை இன்னும் தெளிவாக்கினார். கட்டடங்களின் உயரத்தைச் சர்க்கார் பணம் கொடாமலே கட்டுப்படுத்தலாம். ஆனால் ஒரு மனை எதற்குமே உதவாதபடி அவ்வளவு கட்டுப்படுத்துவதாயிருந்தால், அங்கே சொத்துரிமை ஜயிக்க வேண்டும். நஷ்டஈடு கொடாமல் அக்கட்டுப்பாடு நிற்காது. 1915-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து எல்லைக்குள் செங்கல் சூளை நடத்தலாகாதென்ற உத்தரவினால், 8 லட்சம் டாலர் பெறுமானமுள்ள தம் நிலம் 60 ஆயிரம் டாலராகக் குறைந்துவிட்டதென்று ஒருவர் முறையிட்டார். கோர்ட்டு அவருக்கு ஒரு காசும் தரவில்லை. சூளைப் புகையினால் அக்கம்பக்கத்தாருக்குத் தீங்கென்று காரணம் சொல்லப்பட்டது. ஹோம்ஸும் அதற்கு உடன்பட்டார். 1921-இல் அவரே ஒரு பெரிய தீர்ப்பு எழுதினார். உலக யுத்தத்தின் பயனாக வாஷிங்டனில் குடியிருக்க வீடு கிடைக்காமல் ஜனங்கள் தவித்தபோது, குத்தகை முடிந்த பிறகும் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது, வாடகையை இஷ்டப்படி உயர்த்தலாகாது என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு சட்டம் வந்தது. வீட்டுக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். ஐவர் ஒரு பக்கம், நால்வர் ஒரு பக்கம் நிற்க, அச்சட்டம் செல்லுமென்று ஹோம்ஸ் முடிவு கூறினார். அது நெருக்கடிக்காலச் சட்டம், கெடு உள்ள சட்டம், நியாயமான வாடகையை வீட்டுக்காரர் இழக்கவில்லை என்பவை அவர் கண்ட நியாயங்கள்.

இப்படிச் சர்க்கார் பக்கமே பெரும்பாலும் நின்ற ஹோம்ஸ், மறு வருஷம் திரும்பி நின்றார். அவ்வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பென்ஸில்வேனியா மாகாணத்தின் வடகிழக்குப் பகுதி நிலக்கரிக்குப் பேர்போனது. ஸ்கிரான்டன் முதலிய நகரங்கள் சுரங்கங்களின்மேல் உட்கார்ந்திருந்தன. நிலக்கரிக் கம்பெனிகள் ஆதியில் முழு நிலத்தையும் வாங்கி, பின்னர் மேல் தரையை மட்டும் ஜனங்களுக்கு விற்றன. கிரயப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருக்கும்: கீழேயுள்ள கரி கம்பெனிக்கே சொந்தம், அதை வெட்டி எடுக்கும்போது மேலே தரை அமிழ்ந்து வீடு இடிந்தாலும் வாங்கினவர் நஷ்டம் கேட்கக் கூடாது. அம்மாகாணத்துச் சட்டத்தில் தரை ஒரு சொத்து, கரி ஒரு சொத்து, தரையைத் தாங்கி நிற்கும் உரிமை மூன்றாவது சொத்து. மூன்றாவதையும் கம்பெனியே கையில் வைத்துக்கொண்டது. சுரங்கத்தில் கூரை விழாதபடி கரியையே தூண்களாக விட்டுவைப்பது வழக்கம். கரியின் விலை ஏற ஏற, அத்தூண்களையும் வெட்டி எடுக்கும் ஆசை வந்தது. தெருக்கள் பிளந்தன, வீடுகள் சாய்ந்தன. ஜனங்களின் கூக்குரலுக்கு இரங்கி மாகாணச் சட்டசபை 1921-இல் ஒரு சட்டம் செய்தது. குடியிருக்கும் வீடு, பொதுக் கட்டடம், தெரு இவை அமிழும்படி அவற்றின் கீழுள்ள கரியை வெட்டலாகாது என்பது அச்சட்டம். கம்பெனிக்கு நஷ்டஈடு எதுவும் அதில் இல்லை.

அவ்வருஷம் செப்டம்பரில் பென்ஸில்வேனியா நிலக்கரிக் கம்பெனி ஒரு வீட்டாருக்கு நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் வீட்டின் கீழே வெட்டப் போகிறோம், தரை அமிழும், ஜாக்கிரதை என்பது அதன் தாத்பரியம். புதுச் சட்டத்தைக் காட்டி வீட்டார் தடையுத்தரவு கேட்டார்கள். அவர்கள் தரையை வாங்கிய பத்திரம் 1878-ஆம் வருஷத்தது. மேலே சொன்ன ஷரத்து அதிலும் இருந்தது. மாகாண உயர்ந்த கோர்ட்டில் வீட்டார் ஜயித்தார்கள். கம்பெனி வாஷிங்டனுக்கு அப்பீல் செய்தது. அதன் பக்கம் வாதாடியவர் ஜான் டேவிஸ். இரண்டு வருஷத்துக்குப் பின் ஜனாதிபதி தேர்தலில் டெமாக்ரடிக் கட்சி அபேக்ஷகராக நின்றவர் அவரே.

1922 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஹோம்ஸுக்கு வயது எண்பத்தொன்று. அவ்வருஷக் கோடையில்தான் பெரிய ரண சிகிச்சை செய்துகொண்டு எழுந்திருந்தார். எட்டு ஜட்ஜுகள் கம்பெனியின் பக்கம், ஒருவரே மாறுபட்டார். ஹோம்ஸ் எழுதியதன் சாரம் இது: சட்டங்களால் ஏற்படும் ஒவ்வொரு விலைக் குறைவுக்கும் பணம் கொடுப்பதென்றால் சர்க்கார் என்பதே நடக்க முடியாது, ஆகவே சொத்து ஓரளவு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே தீரவேண்டும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டுப்பாடு அளவு கடந்துபோனால், பெயர் கட்டுப்பாடாயிருந்தாலும் அது அபகரிப்பே. கிரயம் கொடுத்தாக வேண்டும். வெட்டக் கூடாத கரி கரியாக எதற்கு உதவும்? பொது ஜனங்கள் ஒரு நன்மையை எவ்வளவு தீவிரமாக விரும்பினாலும், பணம் கொடுத்துச் செய்யும் நேர்வழி இருக்கையில் பணம் கொடாத குறுக்கு வழியில் போகலாகாது. 1914-இல் இதே மாகாணத்தில், அடுத்தடுத்த இரு சுரங்கங்களுக்கிடையே தூண் விடவேண்டுமென்ற சட்டத்தை இதே கோர்ட்டு ஒப்புக்கொண்டதையும் அவர் எடுத்துக் காட்டினார். அங்கே இரு பக்கத்தாரும் விட்டுக்கொடுத்தார்கள், இரு பக்கத்தாருக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. இங்கேயோ கம்பெனி இழக்கிறது, வீட்டார் தாங்கள் வாங்காத உரிமையை இலவசமாகப் பெறுகிறார்கள்.

மாறுபட்டவர் லூயி பிராண்டைஸ். அவரும் பாஸ்டனிலிருந்து வந்தவர்; ஹோம்ஸின் நெருங்கிய சிநேகிதர்; மற்ற வழக்குகளில் பெரும்பாலும் இருவரும் ஒரே பக்கம் நிற்பார்கள். இவ்வழக்கில் பிராண்டைஸ் கேட்ட கேள்விகள் கூர்மையானவை. சர்க்கார் இங்கே எதை எடுத்துக்கொண்டது? கரி கம்பெனியிடமே இருக்கிறது. சர்க்கார் அதைத் தொடவில்லை, பிறருக்குத் தீங்கு செய்யும் ஒரு செயலை மட்டும் தடுத்தது. அன்றியும் நஷ்டத்தை எதோடு ஒப்பிடுவது? தூணாக நிற்கும் கரியை மட்டும் தனியே பிரித்து வைத்துப் பார்த்தால் முழு நஷ்டமாகத் தோன்றும். கம்பெனியின் முழுச் சொத்தோடு பார்த்தால் அது சிறு பங்கே.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கொள்கையில் ஹோம்ஸ் சொன்னதே சரி. வழக்கில் பிராண்டைஸ் சொன்னதே சரி. நிலத்தைக் கையகப்படுத்தாமல் அதன் பயனை அழித்துவிட்டு, நாங்கள் எதையும் எடுக்கவில்லையே என்று கை விரிக்கும் சர்க்காருக்கு ஒரு கடிவாளம் அவசியம். அந்தக் கடிவாளத்தை ஹோம்ஸ் செய்து கொடுத்தார். ஆனால் அதை அவர் முதன் முதலில் பூட்டியது, ஒரு பெரிய கம்பெனிக்காக, தலைக்கு மேல் கூரை இடிந்து விழாமல் பார்த்துக்கொள்ள முயன்ற ஜனங்களின்மேல். 1878-இல் வேறு வழியின்றித் தரை வாங்கியவர்கள் எந்த ஷரத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்? சுரங்க வேலைக்கு வந்த ஊரில், நிலமெல்லாம் கம்பெனி நிலமாயிருக்க, பத்திரத்தைப் படித்துப் பேரம் பேச அவர்களுக்கு ஏது பலம்? ரொட்டித் தொழிலாளி தானே ஒப்புக்கொண்டுதான் அதிக நேரம் உழைக்கிறான் என்ற வாதத்தை 1905-இல் ஏற்க மறுத்த ஹோம்ஸ், வீட்டுக்காரன் தானே ஒப்புக்கொண்டுதான் தாங்கும் உரிமையை விட்டுவிட்டான் என்ற வாதத்தை 1922-இல் ஏற்றுக்கொண்டார். தீர்ப்பில் அவர் அவ்வழக்கை ஒரு தனி வீட்டின் விவகாரமாகவே பெரும்பாலும் பார்த்ததையும் நாம் கவனிக்க வேண்டும். அமிழ்ந்துகொண்டிருந்தது ஒரு வீடன்று, ஒரு ஜில்லா.

அதற்குப் பின்னும் ஹோம்ஸ் சொத்துக்காரர் கட்சியில் சேர்ந்துவிடவில்லை. 1926-இல், நகரத்தைக் குடியிருப்புப் பகுதி, தொழிற்பகுதி என்று வகுக்கும் திட்டம் முதன் முதலாக அக்கோர்ட்டின் முன் வந்தது. கிளீவ்லாண்டுக்கு அருகிலுள்ள யூக்ளிட் என்னும் கிராமத்தில் 68 ஏக்கர் வைத்திருந்த கம்பெனி, ஏக்கர் 10,000 டாலர் பெறும் நிலம் 2,500 டாலராகிவிட்டதென்று முறையிட்டது. ஆறு ஜட்ஜுகள் திட்டம் செல்லுமென்றனர். ஹோம்ஸ் அந்த ஆறு பேரில் ஒருவர். 1928-இல் வர்ஜீனியா மாகாணத்து வழக்கு மேலும் வேடிக்கையானது. அலங்காரத்துக்கு வளர்த்த சீடர் மரங்களிலிருந்து ஒரு நோய் பரவி ஆப்பிள் தோட்டங்களை அழித்தது. தோட்டத்துக்கு அருகிலுள்ள சீடர் மரங்களை வெட்டிவிடச் சட்டம் உத்தரவிட்டது. வெட்டுக்கூலி கிடைத்தது, மரத்தின் விலை கிடைக்கவில்லை. அதையும் கோர்ட்டு ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

இக்காலத்தில் அவர் எழுதிய ஒரு தீர்ப்பு அவருடைய புகழுக்கு அழியாத களங்கம். மந்த புத்தியுள்ளவர்களென்று சர்க்கார் தீர்மானிப்பவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமல் சிகிச்சை செய்துவிட வர்ஜீனியா மாகாணம் செய்த சட்டத்தை 1927-இல் செல்லுமென்றார். அச்சிகிச்சைக்கு ஆளான ஏழைப் பெண் மந்த புத்தியுள்ளவளே அல்லள் என்பது பின்னர் வெளியாயிற்று. ஒரு கம்பெனியின் கரித் தூணைச் சர்க்கார் தொடும்போது அளவு கடந்துவிட்டதெனக் கண்ட கண், ஒரு பெண்ணின் உடலைச் சர்க்கார் தொடும்போது மூடிக்கொண்டது. அவருடைய பக்தர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. நாம் அப்படிச் செய்ய விரும்பவில்லை.

1929-இல் மனைவியை இழந்தார். 1932 ஜனவரியில், தொண்ணூறு வயது கடந்தபின், பதவியை விட்டு விலகினார். 1935 மார்ச்சு 6-ந் தேதி, தொண்ணூற்று நான்காவது பிறந்த நாளுக்கு இரண்டு தினங்களுக்கு முன் காலமானார். அலமாரியில் அவருடைய யுத்த உடைகள் இரத்தக் கறையுடன் பத்திரமாயிருந்தன. உற்றாருக்கும் ஊழியருக்கும் கொடுத்தது போக மிஞ்சிய சொத்து முழுவதையும், இரண்டரை லட்சம் டாலருக்கு மேல், ஐக்கிய அமெரிக்க சர்க்காருக்கே எழுதி வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சர்க்கார் இருபது வருஷம் வரை வைத்துக்கொண்டிருந்து, ஸுப்ரீம் கோர்ட்டின் சரித்திரத்தை எழுதுவிக்க உபயோகித்தது.

அவருடைய 1922-ஆம் வருஷத்துக் கொள்கை அந்நாட்டில் இன்றும் சட்டம். 1987-இல் அதே பென்ஸில்வேனியாவில், வீடுகளின் கீழுள்ள கரியில் பாதியை விட்டுவைக்க வேண்டுமென்ற புதிய ஏற்பாடு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. வழக்கின் பலனைப் பொறுத்தவரை பிராண்டைஸ் அறுபத்தைந்து வருஷம் கழித்து ஜயித்தார் எனலாம். 1992-இல் தென் கரோலினாக் கடற்கரையில் இரண்டு மனை வாங்கியவர் அங்கே வீடே கட்டலாகாதென்று தடுக்கப்பட்டபோது, பயன் முழுவதும் போய்விட்டால் பெரும்பாலும் நஷ்டஈடு உண்டென்று அக்கோர்ட்டு கூறியது. 1908-இல் ஹோம்ஸ் சொன்னதும் அதுவே.

நம் நாட்டுக்கு ஹோம்ஸ் வந்த வழி நேரானதன்று. 1947-இல் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் ஸ்ரீ பி. என். ராவ் அமெரிக்கா சென்று ஜஸ்டிஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைக் கண்டார். ஃபிராங்க்ஃபர்ட்டர் ஹோம்ஸின் சிஷ்யரென்றே சொல்லத்தக்கவர். ஜனப் பிரதிநிதிகள் செய்யும் சட்டங்களை ஜட்ஜுகள் இஷ்டப்படி ரத்துச் செய்ய இடந்தரும் அமெரிக்க வாசகத்தைச் சேர்க்க வேண்டாமென்று அவர் புத்தி சொன்னார். அதன்படி உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய ஷரத்திலிருந்து அவ்வாசகம் நீங்கியது. சென்னையின் ஸ்ரீ அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதை ஆதரித்தார். 1905-ஆம் வருஷத்து ஹோம்ஸ் இப்படி நம்மிடம் வந்து சேர்ந்தார். 1922-ஆம் வருஷத்து ஹோம்ஸ் வரப் பார்த்துத் திரும்பிப் போனார். 1953 டிசம்பரில், நமது ஸுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதியாயிருந்த ஸ்ரீ பதஞ்சலி சாஸ்திரி, சொத்தின் பயனைப் பெரும்பாலும் பறித்துவிடும் கட்டுப்பாடும் நஷ்டஈட்டுக்கு உரியதே என்ற கருத்தை வெளியிட்டார். அவரும் சென்னையைச் சேர்ந்தவர். 1955-இல் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தை நான்காவது முறை திருத்தி அந்த வழியை அடைத்தது. சொத்தின் உரிமையோ சுவாதீனமோ சர்க்காருக்கு மாறாவிட்டால், சொந்தக்காரன் என்ன இழந்தாலும் அது கட்டாய ஆர்ஜிதம் ஆகாதென்று எழுதப்பட்டது. ஜமீன்தாரி ஒழிப்பும் குத்தகைச் சீர்திருத்தமும் கோர்ட்டுகளில் சிக்கிக் கிடந்த காலம் அது. திருத்தத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஜமீன்தாரைக் கருதி எழுதிய வாசகம் ஒரு கிரவுண்டு மனை வைத்திருந்தவனையும் சேர்த்தே கட்டியது.

1978-ஆம் வருஷத்து 44-ஆவது திருத்தத்தினால் அந்த ஷரத்தே எடுபட்டது. சொத்து அடிப்படை உரிமையாயிருப்பது நின்று, சட்டப்படியன்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாதென்ற 300-ஏ பிரிவு மட்டும் வந்தது. 2005-இல் பூனாவில் தனியார் மனையைப் பூங்காவென்று திட்டத்தில் குறித்துவிட்டு ஆர்ஜிதமும் செய்யாமல் வைத்திருந்த வழக்கில், அப்படிச் சொந்தக்காரரைத் தம் நிலத்தை அநுபவிக்க விடாமல் தடுக்கலாகாதென்று ஸுப்ரீம் கோர்ட் கூறியது. தமிழ்நாட்டின் 1971-ஆம் வருஷத்து நகர, கிராமத் திட்டச் சட்டமோ வேறொரு வழி கண்டது. பொதுக் காரியத்துக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வெளியான மூன்று வருஷத்துக்குள் சர்க்கார் ஆர்ஜிதம் செய்ய முன்வராவிட்டால், அல்லது சம்மதத்தின் பேரில் வாங்காவிட்டால், நிலம் விடுதலையானதாகக் கொள்ள வேண்டுமென்று அதன் 38-ஆவது பிரிவு விதித்தது. மூன்று வருஷமும் கழிந்து, கட்ட அநுமதி கேட்டுப் போகிறவனிடம் இன்னும் பழைய படத்தையே விரித்துக் காட்டும் காரியாலயத்தில், அந்தப் பிரிவின் எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது அவனுக்கு உதவும்.